நீதிபதி நமக்கு அண்ணன் இல்லை

(நடிப்புத் தேர்வுகளுக்குப் போகவிருக்கும் இளைஞர்களுக்கான நாடகப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘நடிப்புத் தேர்வில் தனிமொழி’. நான் நடிகன் இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஆடிஷனுக்குப் போய்த் தோற்றவன். தோற்றவனைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தச் சொல்ல நம்ம ஆளுங்களுக்குத்தான் தோணும். ஆகவே அந்தத் தோல்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரி முடித்த வருசம். நகரத்து நாடகக் குழு ஒன்று ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பெயர் வேண்டாம். ஒரு கூடம், மூன்று நாற்காலிகள், மூன்று பேர். ‘ரெண்டு நிமிசம் ஏதாவது பேசிக் காட்டுங்க’ என்றார்கள். நான் பராசக்தி நீதிமன்றக் காட்சியை எடுத்துவிட்டேன். எங்கள் தெருவில் அதைப் பேசத் தெரியாத பையன் கிடையாது. என் பெரியப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். கல்யாண வீட்டுப் பந்தலில் நின்று ஒரு எழுத்துப் பிசகாமல் முழுசும் பேசுவார். அவரிடம் கற்றதுதான்.

அரை நிமிசத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். ‘எந்த ஊரு?’ சொன்னேன். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சொன்னேன். மூன்று முகத்திலும் ஒரு வெளிச்சம். ‘அப்ப இதெல்லாம் எதுக்கு? உங்க வாழ்க்கையிலருந்தே பண்ணுங்களேன். அவமானப்பட்டது, அடிபட்டது, அந்த மாதிரி.’ நான் முழித்தேன். ‘சரி, பறை அடிப்பீங்களா?’ எனக்குப் பறை அடிக்கத் தெரியாது. நான் வணிகவியல் பட்டதாரி, பற்று வரவு எழுதத் தெரியும். ‘தெரியாதுங்க’ என்றேன். வெளிச்சம் அணைந்துபோனது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன்.

ரொம்ப நாள் அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அந்த மூன்று பேருக்கு வேண்டியிருந்தது ஒரு நடிகன் இல்லை, ஒரு காயம். காயத்தை ஏலத்தில் கேட்டார்கள். இதைப் பல மேடைகளில் சொல்லிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்னொரு பாதியை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் செய்ததும் நடிப்பு இல்லை. சிவாஜி எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே வாங்கினேன், எங்கே கையை உதறினாரோ அங்கே உதறினேன். யாரிடம் பேசுகிறேன், எதற்குப் பேசுகிறேன் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. அவர்கள் நிறுத்திய காரணம் அயோக்கியத்தனம். நிறுத்தியது தப்பில்லை. இரண்டும் உண்மைதான்.

அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பராசக்தி 1952 தீபாவளிக்கு வந்தது. வசனம் மு. கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. சிவாஜி கணேசனுக்கு முதல் படம். அவரையே ‘ஒல்லியாக இருக்கிறார், வேறு ஆளைப் போடலாம்’ என்று ஏவி. மெய்யப்பச் செட்டியார் நினைத்ததாகவும், பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றதால்தான் தப்பித்தார் என்றும் சினிமா வரலாறு சொல்கிறது. அதற்குப் பிறகு சான்ஸ் கேட்டுக் கோடம்பாக்கம் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நீதிமன்றத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். தமிழில் ஆடிஷன் தனிமொழி என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

அந்தக் காட்சியில் யார் யாரிடம் பேசுகிறான்? கூண்டில் நிற்கிறவன் குணசேகரன். பூசாரியைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு. குறுக்கே ஒன்றிரண்டு வார்த்தை வந்தாலும் அவன் பேச்சு நிற்பதில்லை, அவனைப் பேச விடுகிறார்கள். மேலே உட்கார்ந்து கேட்கிற நீதிபதி யார்? சந்திரசேகரன், கூண்டில் நிற்கிறவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன்!

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சிந்தித்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவன் சமுதாயத்தையே கூண்டில் ஏற்றிப் பேசுகிற பேச்சு கடைசிவரை கேட்கப்பட வேண்டுமானால், கதையில் நீதிபதி அண்ணனாக இருக்க வேண்டியிருக்கிறது. நம் சனங்களுக்குத் தெரிந்த கோர்ட்டில் தனிமொழி கிடையாது. ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆமாவா, இல்லையா?’ அவ்வளவுதான் வசனம். 1968 டிசம்பர் 25 கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட வழக்கு உயர்நீதிமன்றம் போய் எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. என் பெரியப்பா கல்யாணப் பந்தலில் அந்த வசனத்தைப் பேசும்போது பெருசுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டது கருணாநிதியின் தமிழுக்காக மட்டுமில்லை என்று இப்போது நினைக்கிறேன். நம்மில் ஒருவன் இவ்வளவு நேரம் பேச விடப்படுகிறானே, அதற்காகவும்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோர்ட்டும் நாடகத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’. பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ என்று தமிழில் செய்தார். அவருடைய சுகுண விலாச சபா 1891ல் தொடங்கியது, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நிறைந்த சபா. அந்த நாடகத்து யூதன் ஷைலாக் மூன்றாம் அங்கத்தில் பேசுகிற பேச்சு, உலகம் பூராவும் ஆடிஷன்களில் பேசப்படுவது. எங்களுக்கும் கண் இல்லையா, கை இல்லையா, குத்தினால் ரத்தம் வராதா என்கிற பொருளில் போகும். நம்ம பையன்கள் படித்தவுடனே ‘இது நம்ம பேச்சு’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் அழுதுகொண்டே பேசுகிறார்கள். தப்பு. எதிரில் நிற்பது யார்? அவன் மகள் பணத்தோடு ஓடிப்போனதைச் சொல்லி நக்கலடிக்கிற இரண்டு கிறிஸ்தவ இளவட்டங்கள். அவர்களிடம் அவன் இரக்கம் கேட்கவில்லை. உடம்பு ஒன்று, வலி ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போய் எங்கே நிறுத்துகிறான்? பழிவாங்குவதிலும் நாங்கள் உங்களைப்போலத்தான், உங்களிடம் கற்றதைத்தான் செய்யப்போகிறோம் என்கிற இடத்தில். அது வழக்காடல், மிரட்டல். பலர் அந்தக் கடைசி வரிகளை வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் சோகமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். மனிதாபிமானப் பேச்சாக ஆகிவிடுகிறது. நாற்காலியில் இருக்கிறவர்களுக்கும் சௌகரியம்.

அடுத்த அங்கத்தில் அவனும் கோர்ட்டுக்குப் போகிறான். சட்டம் தன் பக்கம் என்று நம்பிப் போகிறான். சட்ட நிபுணராக வந்து வழக்கைத் திருப்புகிற ஆள் யார் தெரியுமா? எதிர்க்கட்சிக்காரனுடைய சிநேகிதனின் பெண்டாட்டி, ஆண்வேடம் போட்டுக்கொண்டு! சொத்தும் போய் மதமும் மாற்றப்பட்டு ஷைலாக் வெளியேறுகிறான். மூன்றாம் அங்கத்துப் பேச்சைப் பேசப்போகிறவன் நாலாம் அங்கத்தைப் படித்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். துண்டை மட்டும் மனப்பாடம் பண்ணாதீர்கள். முழு நாடகத்தையும் படியுங்கள்.

தனிமொழியில் வகைகள் என்று சொல்லச் சொன்னார்கள். புத்தகத்தில் நாலைந்து வகை போட்டிருப்பான். எனக்கு ஒரே அளவுகோல்தான்: எதிரில் யார்? எதிரில் இன்னொரு பாத்திரம் இருக்கலாம், இதுவரை பேசியது அதைத்தான். பார்வையாளரே எதிரில் இருக்கலாம். யாருமே இல்லாமலும் இருக்கலாம்.

யாருமில்லாத வகையை, அதாவது தனக்குத்தானே பேசிக்கொள்வதை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஹாம்லெட் மாதிரி. புதிதாகப் போகிறவர்கள் இதைத் தொடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தரையைப் பார்த்து முனகிவிட்டு வருவீர்கள். தனக்குத்தானே பேசத் தனி அறை வேண்டும். ஒற்றை அறையில் ஏழு பேர் படுக்கிற வீட்டில் எவன் தனக்குள் பேசுவான்? நம் தெருவில் அப்படிப் பேசுகிறவர் ஒருத்தர் உண்டு, சாயங்காலம் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவர். அவர் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தனக்குள் பேசுகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் பகலில் தன்னைக் கைநீட்டி அடித்த பண்ணைக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வருவார். பகலில் சொல்ல முடியாத பதில். அதை நீங்கள் கவனித்து எடுத்துப் போனால் ஹாம்லெட்டையும் ஒருநாள் பேசலாம்.

பார்வையாளரிடம் நேராகப் பேசுகிற வகை நமக்கு ரொம்பச் சொந்தம். தெருக்கூத்தில் கட்டியக்காரன் யார்? ராசாவுக்குக் கட்டியம் கூறுகிறவன், அதே வாயால் ராசாவைக் கேலி பண்ணுகிறவன். திரைக்குப் பின்னால் துரியோதனன் தன் பெருமையைப் பாடிக்கொண்டிருப்பான். இவன் நம் பக்கம் திரும்பி உள்ளூர் சமாச்சாரத்தை இழுத்துவிடுவான். துவாபர யுகமும் நம்ம ஊர் ரேஷன் கடையும் ஒரே மேடையில் வந்துவிடும். இந்த நக்கல்தான் நம் எதிர் அழகியல். அழுகை இல்லை.

மராத்தியில் ஜோதிராவ் ஃபுலே 1855ல் ‘திருதிய ரத்னா’ என்று ஒரு நாடகம் எழுதினார். புரோகிதன் ஒரு ஏழைக் குடியானவனையும் கர்ப்பமாக இருக்கிற அவன் மனைவியையும் சாத்திரம் சொல்லி ஏமாற்றிப் பறிக்கிறான். நடுவே ஒரு விதூஷகன் நம்மிடம் பேசிப் பேசிப் புரட்டை உடைக்கிறான். சமஸ்கிருத நாடகத்தில் விதூஷகன் பிராமணன், சாப்பாட்டு ராமன். ஃபுலே அவனைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நிறுத்தினார். நாடகத்தைத் தட்சிணைப் பரிசுக் குழுவுக்கு அனுப்பினார், அவர்கள் ஏற்கவில்லை. தேர்வுக் குழுவால் நிராகரிக்கப்பட்ட நம் வரிசை அங்கிருந்தே தொடங்குகிறது, அதனால் தைரியமாகத் தோற்றுவிட்டு வரலாம்.

இந்த வகையில் என்னை உலுக்கியது தென்னாப்பிரிக்காவின் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’. அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ன்ட்ஷோனா மூவரும் சேர்ந்து உருவாக்கியது, 1972ல் கேப்டவுனில் அரங்கேறியது. நிறவெறி அரசு கறுப்பர்கள் கையில் கொடுத்த பாஸ்புக்கைப் பற்றிய நாடகம். நான் கவுண்டரில் வரவு பதிந்து கொடுக்கிற பாஸ்புக் இல்லை. கறுப்பன் எங்கே தங்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்று வெள்ளைக்காரன் முத்திரை குத்துகிற புத்தகம். நாடகம் ஆரம்பிப்பதே ஒரு நீண்ட தனிமொழியில்தான். ஸ்டைல்ஸ் என்கிற போட்டோ ஸ்டுடியோக்காரன் பேப்பர் படித்துக்கொண்டே நம்மிடம் பேச ஆரம்பிக்கிறான். முன்பு ஃபோர்டு கார் ஆலையில் வேலை பார்த்தவன். பெரிய முதலாளி ஃபோர்டு பார்வையிட வருகிற நாளில் ஆலையைக் கழுவித் துடைத்து, தொழிலாளிகளுக்குப் புது உடுப்பு கொடுத்து நடக்கிற கூத்தை ஒற்றை ஆளாக நடித்துக் காட்டுகிறான். துரை இங்கிலீஷில் சொல்வதைத் தன் ஆட்களுக்கு மொழிபெயர்க்கிற சாக்கில் துரையைக் கிழிகிழியென்று கிழிப்பான். துரைக்குப் புரியாது, நமக்குப் புரியும். ஸ்டைல்ஸாக நடித்த கானியே ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர். அவரும் தன் வாழ்க்கையிலிருந்துதான் எடுத்தார். ஆனால் அந்த மூன்று நாற்காலி கேட்டதை அவர் கொடுக்கவில்லை. தான் பட்டதைச் சொல்லும்போதே முதலாளியையும் போர்மேனையும் தன் உடம்புக்குள் கொண்டுவந்து ஆட்டிவைத்தார். 1975ல் கானிக்கும் ன்ட்ஷோனாவுக்கும் சேர்த்து நியூயார்க்கில் சிறந்த நடிகருக்கான டோனி விருது கொடுத்தார்கள்.

‘சொந்த வாழ்க்கையிலிருந்து ஏதாவது பண்ணுங்க’ என்று உங்களிடமும் கேட்பார்கள். பண்ணலாம், பண்ணக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கதையில் அடித்தவன் எங்கே என்று மட்டும் பாருங்கள். அடிபட்டவன் மட்டும் மேடையில் இருந்து அடித்தவன் காணாமல் போயிருந்தால், நீங்கள் அவனைத் தப்பிக்க விட்டுவிட்டீர்கள்.

பெண் தோழர்கள் காலையில் கேட்டார்கள், எங்களுக்குப் பேச என்ன இருக்கிறது, எல்லாத் துண்டும் ஆம்பளைங்க பேசுறதாவே இருக்கே என்று. நியாயம். நாடகத்தில் மட்டும் தேடாதீர்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வந்தது. பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டது, அப்படியே வாயில் உட்காரும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994. அதில் ஆரோக்கியம் என்கிற வண்ணாத்தி. புதிரை வண்ணார் சாதிப் பெண், சேரிக்குத் துணி வெளுக்கிறவள். உழைத்ததற்கு உரிய தானியத்துக்கும் சோற்றுக்கும் வாசல் வாசலாக நின்று பேசுகிறாள். நாவல் அவள் புலம்பலால் நிறைந்தது. அதிலிருந்து இரண்டு நிமிசத் துண்டு ஒன்றை வெட்டி எடுக்கலாம். ஆனால் எதிரில் யார் என்று கேளுங்கள். எதிரில் நிற்பது பண்ணையார் இல்லை, நாம். நம் வாசலில் நின்று நம்மிடம் கேட்கிறாள். அந்த நாவல் வந்தபோது நமக்குள் எவ்வளவு சண்டை நடந்தது என்று மூத்த தோழர்களுக்குத் தெரியும். போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு பெண் இதை நம் கூட்டத்திலேயே செய்து காட்டினாள். முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். நானும் எழுந்து போகலாமா என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. என் பாட்டி வீட்டு வாசலில் அப்படி ஒரு கிழவி நின்றது ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெண் அழவே இல்லை. கையில் சட்டியைப் பிடித்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஆள் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

அந்தப் பார்வையைத்தான் நான் தினமும் கவுண்டரில் பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகை வரவில்லை என்று ஒரு அம்மா வருவார். ‘பணம் வரலை’ என்று ஒரு வரியில் சொல்ல மாட்டார். மகன் திருப்பூர் போனதில் ஆரம்பிப்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தால் குரலை ஒரு படி ஏற்றுவார். நிமிர்ந்தால் குரல் இறங்கும். நான் பேனாவை எடுத்தால், காரியம் ஆகப்போகிறது என்று பாதியில் நிறுத்திக் காத்திருப்பார். பேசுவது ஒருத்தர்தான், ஆனால் ஒவ்வொரு வரியையும் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் மாற்றுகிறார். நான் பேசாமலிருப்பதும் அதில் ஒரு வசனம். எந்த நடிப்புப் புத்தகத்திலும் நான் இதைவிடத் தெளிவாகப் படித்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, கவிதைக்குப் பொருள் கிடைத்தது என்று நினைக்கிற நேரத்தில் அந்த அம்மா பஸ் காசு செலவு பண்ணி மூன்றாவது தடவை வந்திருக்கிறார்.

இனி காரியத்துக்கு வருவோம். தில்லி தேசிய நாடகப் பள்ளியாக இருக்கட்டும், சினிமா அலுவலகமாக இருக்கட்டும், கொடுக்கிற நேரம் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு மேல் துண்டு எடுக்காதீர்கள். இரண்டு தயாராக இருக்கட்டும், ஒன்றுக்கொன்று மாறான குணத்தில்: ஒன்று பழைய நாடகம் என்றால் மற்றது இன்றையது, ஒன்றில் கோபம் என்றால் மற்றதில் நக்கல். இருபது வயசுப் பையன் அறுபது வயசுக் கிழவனைப் பேசவேண்டாம். ஒரு பெரிய நடிகர் ஏற்கெனவே முத்திரை பதித்ததை எடுக்கவேண்டாம், என்னைப் பார்த்தாவது திருந்துங்கள்.

உள்ளே போனதும் ‘சரியா ரிகர்சல் பண்ணல, தொண்டை கட்டியிருக்கு’ என்று மன்னிப்புக் கேட்காதீர்கள். பரம்பரையாகக் கேட்டது போதும். பெயரையும் நாடகத்தையும் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நில்லுங்கள். நீங்கள் பேசவேண்டிய ஆளை அந்த நாற்காலிக்காரர்களின் தலைக்கு ஒரு சாண் மேலே, சுவரில் நிறுத்துங்கள். அவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசினால் அவர்களுக்குக் குறிப்பெடுக்க முடியாது, உங்களுக்கும் அவர்களைத் திருப்திப்படுத்துகிற புத்தி வந்துவிடும். கட்டியக்காரன் வகை என்றால் மட்டும் நேராகப் பாருங்கள். இப்போது செல்போனில் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அப்போதும் இதே கணக்குத்தான்: போன் கண் மட்டத்தில் இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு தோழரை நிறுத்தி அவரிடம் பேசுங்கள்.

முதல் வரிக்கு முன்னால் எதிராளி ஏதோ சொல்லியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஆரம்பித்தால் குரல் தானாக வரும். முடிந்ததும் உடனே உடம்பைத் தளர்த்தி இளிக்காதீர்கள். ‘இதையே கோபமில்லாமப் பண்ணுங்க’ என்று சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, சொன்னதை வாங்கி மாற்ற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். சினிமா அலுவலகத்தில் சிலர் ‘அழு, சிரி, கோபப்படு’ என்று குழாயைத் திறந்து மூடுகிற மாதிரி கேட்பார்கள். மனசுக்குள் யாரையாவது எதிரில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள், வேறு வழியில்லை.

உச்சரிப்பு சரியில்லை என்பார்கள். ழகரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அது எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. அதே சமயம் உங்கள் தெருப் பேச்சைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டும் வாயில் இருக்கிறவன்தான் ராசாவாகவும் வரலாம், கட்டியக்காரனாகவும் வரலாம். ‘ஊர்ல எந்தப் பக்கம்’ என்று கேட்டால்? பதில் சொல்கிற கடமை உங்களுக்கு இல்லை. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் அன்றைக்கு, அது ஏதோ படிவத்தில் நிரப்பவேண்டிய கட்டம் என்பதுபோல, உடனே சொல்லிவிட்டேன்.

தேநீர் வந்துவிட்டது என்கிறார்கள். குடித்துவிட்டு வாருங்கள். இந்த மேசையை இங்கேயே போட்டுவைக்கிறேன். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், தலையைத் தூக்க மாட்டேன். ஒவ்வொருவராக வந்து உங்கள் துண்டை என்னிடம் பேசுங்கள். என்னைத் தலை தூக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. முதலில் யார்?